வரலாறு படிக்கக் காத்திருப்பவர்கள்

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி என்றால், குளிர்காலத்தில் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை மூன்றரை. அலுவலகத்தைப் பூட்டிக் கிளம்பும் முன் அங்குள்ள ஊழியர் அனுப்பும் மின்னஞ்சல், இங்கே ஊர் உறங்கும் நேரத்தில் செல்பேசிக்கு வந்து சேர்கிறது. விண்ணப்பத்தின் நிலையில் மாற்றம் ஏற்பட்டிருக்கிறது, போர்ட்டலில் பார்க்கவும் என்று இரண்டு வரி. இடம் கிடைத்ததா இல்லையா என்பதை அந்த அஞ்சல் சொல்வதில்லை. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி முழுக்க இந்த இரண்டு வரிக்காக விழித்திருக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பொறியியல் படிக்கப் போகிறவர்களைச் சொல்லவில்லை. வரலாற்றில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களைச் சொல்கிறோம்.

எண்ணிக்கையில் சிறிய கூட்டம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறவருக்கு அண்ணா நகரிலும் காந்திபுரத்திலும் கன்சல்டன்சிகள் வரிசைகட்டி நிற்கின்றன. கல்விக் கடனிலிருந்து விமான டிக்கெட் வரை சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. வரலாற்று மாணவருக்கு அப்படி யாரும் இல்லை. முன்னால் போன ஓர் அக்காவோ அண்ணனோ வழி சொன்னால் உண்டு. வீட்டிலோ, “ஹிஸ்டரி படிக்க அமெரிக்கா எதுக்கு? பேசாம குரூப் டூ எழுது” என்கிற பேச்சு.

அந்தக் கேள்வியை வீட்டார் கேட்பதில் தப்பில்லை. அதற்கு நேர்மையான பதிலும் உண்டு. அமெரிக்காவின் நல்ல வரலாற்றுத் துறைகள் பிஎச்.டி. மாணவரிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு மாத ஸ்டைபண்டும் மருத்துவக் காப்பீடும் கொடுத்து, பதிலுக்கு இளநிலை வகுப்புகளில் பாடம் எடுக்கச் சொல்கின்றன. நூலகங்கள் பெரியவை. பாரசீகமோ டச்சோ கற்க வேண்டுமென்றால் அங்கேயே கற்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் வரலாற்றின் கணிசமான பகுதி அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. பிராமணரல்லாதார் இயக்கத்தைப் பற்றி யூஜீன் இர்ஷிக்கின் நூல் 1969-ல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. புதுக்கோட்டை சமஸ்தானத்தை ஆராய்ந்தவர் நிக்கோலஸ் டர்க்ஸ். தமிழ்ப் பற்றின் வரலாற்றைச் சுமதி ராமஸ்வாமி எழுதிய நூல் 1997-ல் வெளிவந்தது. நம்மைப் பற்றிய நூல்கள் எழுதப்படும் அந்த மேசையில் திருநெல்வேலியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உட்கார வேண்டாமா? அதற்கான நுழைவு வாசல்தான் இந்த விண்ணப்பம்.

முத்திரை, கையெழுத்து, கட்டணம்

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1-க்கும் 15-க்கும் இடையில் வரும். சில இடங்களில் ஜனவரி தொடக்கம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 75 முதல் 125 டாலர். எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஏறத்தாழ 70,000 ரூபாய் போய்விடும். டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தனிச் செலவு. ஜிஆர்இ தேர்வைப் பெரும்பாலான வரலாற்றுத் துறைகள் கைவிட்டுவிட்டன என்பது ஓர் ஆறுதல். ஆசிரியர் வேலைக்குப் போகாத, கெஸ்ட் லெக்சரராகவும் சேராத எம்.ஏ. பட்டதாரிக்கு இது பெரிய தொகை. கட்டணத் தள்ளுபடி கேட்டால் சில பல்கலைக்கழகங்கள் தருகின்றன. ஆனால் கேட்க வேண்டும், அதுவும் கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் விஷயத்திலும் இப்படித்தான். நம் பல்கலைக்கழக அலுவலகத்தில் பணம் கட்டி, பிரிவு பிரிவாக அலைந்து, முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் சான்று வாங்குவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடும். உறை வரவில்லையே என்ற பயத்தில் விண்ணப்பத்தையே விட்டவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான அமெரிக்கத் துறைகள் விண்ணப்பிக்கும்போது ஸ்கேன் செய்த மதிப்பெண் பட்டியலையே ஏற்கின்றன. முத்திரையிட்ட அசல், இடம் கிடைத்த பிறகு போதும்.

மதிப்பெண்ணில் வேறொரு சிக்கல். நம் ஊரில் வரலாற்றுத் தாளுக்கு 60 என்றால் முதல் வகுப்பு. 65 வாங்கியவர் துறையிலேயே முதலிடத்தில் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறைச் சாதாரணமாகப் போட்டுப் பழகிய அமெரிக்கப் பேராசிரியரின் கண்ணுக்கு அதே 65 தேறாத மதிப்பெண்ணாகத் தெரியும். இதை விளக்கிச் சொல்லக் கூடியவர் ஒருவர்தான். பரிந்துரைக் கடிதம் எழுதும் நம் ஊர்ப் பேராசிரியர்.

அந்தக் கடிதத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். மூன்று கடிதங்கள் வேண்டும். பேராசிரியரிடம் போய் நின்றால், “நீயே டைப் பண்ணிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்” என்கிறார். அன்பாகச் சொல்லும் வார்த்தைதான், வேலைச் சுமையும் உண்மைதான். விளைவு என்ன ஆகிறது? கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பணிவானவர் என்று மூன்று கடிதமும் ஒரே அச்சில் வார்த்தது போலப் போய்ச் சேர்கின்றன. தேர்வுக் குழு பணிவைத் தேடவில்லை. இந்த மாணவி என் வகுப்பில் என்ன கேட்டாள், எந்த ஆவணத்தைத் தானாகத் தேடிப் போனாள், பாடநூல் சொன்னதை எங்கே ஏற்க மறுத்தாள், இருபது ஆண்டுகளில் நான் பார்த்த மாணவர்களில் எத்தனையாவது இடம் தருவேன் என்பதைத்தான் தேடுகிறது. அதைக் கற்பித்தவர் மட்டுமே எழுத முடியும். மாணவியால் தன்னைப் பற்றித் தானே அப்படி எழுதிக்கொள்ள முடியாது, கூச்சம் விடாது.

கடிதத்தை ஏற்றும் இணைப்பு பேராசிரியரின் மின்னஞ்சலுக்கு நேராகப் போகும். அது ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். நினைவூட்டினால் கோபித்துக்கொள்வாரோ என்று மாணவி தயங்குவாள். இப்படி ஒரு கடிதம் குறைந்ததால் முடங்கும் விண்ணப்பங்களில் திறமைக் குறைவு எதுவும் இல்லை.

பஞ்சம் ஒரு தலைப்பு, கேள்வி அல்ல

விண்ணப்பத்தின் உயிர் இரண்டு பொருள்களில் இருக்கிறது. ஒன்று, எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்லும் நோக்க உரை. மற்றது, மாணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மாதிரி, இருபது இருபத்தைந்து பக்கம். முதலில் படிக்கப்படுவது எஸ்.ஓ.பி. நம்மிடமிருந்து போகும் உரைகள் பல, சிறு வயதில் தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வியந்ததில் தொடங்குகின்றன. வியப்பு உண்மையானதுதான். ஆனால் நூறு உரைகளைப் படித்துக் களைத்த குழுவுக்கு அது எதையும் தெரிவிப்பதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். “தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி ஆராய விரும்புகிறேன்” என்று ஒரு மாணவர் எழுதினால், அது தலைப்பு மட்டுமே. குழு அடுத்த கோப்புக்குப் போய்விடும். அதே மாணவர் இப்படி எழுதினால் என்ன ஆகும்? பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி தோண்டப்பட்டது. ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1877-ல் வந்து, ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த வேலையிடத்தில் பேர்ப் பதிவேடு எழுதியவர் யார்? கிராமக் கணக்குப்பிள்ளையா, பொதுப்பணித் துறை மேஸ்திரியா? எந்த ஊர், என்ன சாதி என்று எழுதினாரா, வெறும் தலைக்கணக்கா? வேலை செய்ய முடியாமல் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கில் வந்தார்கள்? பசியை அரசு எப்படி எண்ணியது என்பதே என் ஆய்வு, அதற்கான வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றை நான் படித்துவிட்டேன்.

இந்தப் பத்தியைப் படிக்கும் பேராசிரியர் நிமிர்ந்து உட்காருவார். கேள்வி இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, அதைத் தொட்ட கை இருக்கிறது. வியப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலேயே ஆர்வம் தெரிந்துவிடுகிறது.

இங்கே தமிழ் மாணவருக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை அவரே உணர்வதில்லை. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அவருக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் ஆவணங்களும் இருக்கின்றன. அமெரிக்க மாணவர் ஒருவர் உதவித்தொகை பெற்று, விசா வாங்கி, ஓராண்டு தங்கிப் படிக்கும் கட்டுகளை நம் பிள்ளை எம்.ஏ. விடுமுறையிலேயே பார்த்துவிட முடியும். நூறாண்டுப் பழைய தமிழ்க் குஜிலி நூலை, அதாவது மலிவு விலைச் சிறுநூலை, அகராதி இல்லாமல் வாசிக்கவும் முடியும். ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் இந்தப் பலத்தைக் குழுக்கள் மதிக்கின்றன. ஆனால் அது உரையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தாய்மொழி தமிழ் என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் எதைப் படித்தேன், எந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகினேன் என்று எழுத வேண்டும்.

அறைக்குள் நடப்பது

விண்ணப்பம் போன பிறகு அங்கே என்ன நடக்கிறது என்பது காத்திருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் பாதி வேதனை.

துறையின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த குழு ஒன்று ஜனவரியில் கோப்புகளைப் படிக்கத் தொடங்குகிறது. பெயர் பெற்ற துறைகளுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன. சேர்க்கப்போவது பத்துப் பதினைந்து பேரை, இப்போது அதைவிடவும் குறைவு. அந்தப் பத்து இடங்களும் பொதுவானவை என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அமெரிக்க வரலாறு, ஐரோப்பிய வரலாறு, லத்தீன் அமெரிக்கா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, அறிவியல் வரலாறு என்று பல பிரிவுகளுக்குள் அவை பங்கு போகின்றன. தெற்காசியாவுக்கு ஒன்றோ இரண்டோ வரும். சில ஆண்டுகளில் ஒன்றுமே வராது. ஏன் வராது? தெற்காசிய வரலாறு நடத்தும் ஒரே பேராசிரியர் அடுத்த ஆண்டு விடுப்பில் போகிறார். அல்லது ஓய்வு பெறப் போகிறார். அல்லது அவரிடம் ஏற்கெனவே மூன்று மாணவர்கள் இருக்கிறார்கள், போன ஆண்டு இரண்டு பேரைச் சேர்த்தாயிற்று, இந்த ஆண்டு ஆப்பிரிக்க வரலாற்றின் முறை என்று துறைக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. கோப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றைக்கு அந்த வாசல் திறக்காது.

இது ரகசியச் சதி அல்ல. ஆளையும் பணத்தையும் பங்கிடும் எந்த அலுவலகத்திலும் இப்படித்தான் நடக்கும். நம் மனக்குறை வேறு. இடமே இல்லாத பிரிவுக்கும் அதே 100 டாலர் வாங்கப்படுகிறது. மார்ச்சில் வரும் மறுப்புக் கடிதம், இந்த ஆண்டு மிகச் சிறந்த விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி முடிகிறது. தெற்காசியாவுக்கு இந்த ஆண்டு இடம் இல்லை என்ற ஒரு வரி அதில் இருந்தால், தேனியில் அதைப் படிக்கும் மாணவி தன் ஆங்கிலத்தையும் தன் கல்லூரியையும் தன் சாதியையும் நொந்துகொள்ள மாட்டாள்.

இதற்கு மாணவர் கையில் ஒரே ஒரு மருந்து உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்தந்தப் பேராசிரியருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுவது. நான் இன்னார், இந்தக் கேள்வியில் வேலை செய்கிறேன், உங்கள் இன்ன கட்டுரையைப் படித்தேன், வரும் ஆண்டில் மாணவர் சேர்க்கிறீர்களா என்று பத்து வரி. பெரிய மனிதருக்கு முன்பின் தெரியாமல் எழுதுவதா என்று நம் வளர்ப்பு தடுக்கும். அங்கே அது வழக்கம், எதிர்பார்க்கவும்படுகிறது. 'இந்த ஆண்டு சேர்க்கவில்லை' என்று நேராகப் பதில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு பதில் 9,000 ரூபாயையும் மூன்று மாதத் தூக்கத்தையும் மிச்சப்படுத்தும்.

சுருங்கும் வாசல்

இந்தக் காத்திருப்பு முன்பும் இருந்தது. ஆனால் கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக அதன் நிறம் மாறிவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது, அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கலைப்புல, சமூக அறிவியல் பிஎச்.டி. திட்டங்கள் அடுத்த ஆண்டுச் சேர்க்கையை நிறுத்தின. உள்ளே இருக்கும் மாணவர்களுக்குக் கூடுதல் காலம் பணம் தருவதற்காக என்றார்கள், அது நியாயமாகவும் பட்டது.

அடுத்து வந்தது அவ்வளவு எளிதாக ஏற்கக்கூடியது அல்ல. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் 2024 மார்ச்சிலிருந்து ஏழு மாதம் வேலைநிறுத்தம் செய்து, ஆண்டுக்குக் குறைந்தது 45,000 டாலர் ஸ்டைபண்ட் என்ற ஒப்பந்தத்தை வென்றார்கள். அடுத்த மாதமே, நவம்பரில், வரலாறு உட்படப் பன்னிரண்டு துறைகளில் 2025-26 பிஎச்.டி. சேர்க்கையைப் பல்கலைக்கழகம் நிறுத்தியது. 2025-ல் அமெரிக்காவின் புதிய அரசு ஆராய்ச்சி நிதிகளை வெட்டியது. பெரும் பல்கலைக்கழகங்களின் அறக்கட்டளை வருவாய் மீதான வரி 1.4 சதவீதமாக இருந்ததை அதிகபட்சம் 8 சதவீதம் வரை உயர்த்தும் சட்டமும் அந்த ஆண்டு வந்தது. அக்டோபரில் ஹார்வர்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குக் கலை அறிவியல் புலத்தின் பல துறைகளில் பிஎச்.டி. இடங்களைப் பாதிக்கும் மேல் குறைத்தது.

நமக்கு மிக நெருக்கமான அடி சிகாகோவிலிருந்து வந்தது. அதைச் சொல்ல, கொஞ்சம் கோட்டையூருக்குப் போய்வர வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாள் முழுக்கப் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது அப்படித்தான். மொழிபெயர்ப்பாளர் ஏ.கே. ராமானுஜன் பணியாற்றியதும் அதே பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மொழிகள், நாகரிகங்கள் துறையில். இன்று தரமணியிலுள்ள அந்த நூலகத்துக்குப் போய் நூறாண்டுப் பழைய இதழைப் புரட்டும் எந்த மாணவரும், சேகரிப்பைச் சென்னையிலேயே வைத்த அந்த முடிவுக்குக் கடன்பட்டவர். அந்தத் தெற்காசியத் துறை 2026-27-க்கான பிஎச்.டி. சேர்க்கையை நிறுத்திவைத்திருப்பதாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. நிதி நெருக்கடி என்கிறார்கள். நெருக்கடி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தமிழ் மூலங்களை இவ்வளவு மரியாதையோடு காப்பாற்றிய ஓர் இடம், அவற்றைப் படிக்கும் அடுத்த தலைமுறையைச் சேர்க்காமல் ஓர் ஆண்டைக் கடப்பது நமக்கு நேரடி இழப்பு. இதை அமெரிக்கச் செய்தியாக மட்டும் நாம் படித்துவிட்டுப் போக முடியாது.

இடம் கிடைத்து உள்ளே போனாலும் பிற்பாடு பேராசிரியர் வேலை உறுதி இல்லை. வரலாற்றில் பிஎச்.டி. முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. முடித்து வருகிறவர்களின் எண்ணிக்கைக்கும் நிரந்தரப் பணியிடங்களுக்கும் 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பவர் விண்ணப்பிக்கட்டும். மறைத்து அனுப்பக் கூடாது.

பணம் யார் தருவது?

பம்பாயிலிருந்து கப்பலேறி அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது 1913-ல். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்தார். முதன்மைப் பாடம் பொருளாதாரம் என்றாலும் வரலாறும் படித்தார். 1915-ல் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பண்டைய இந்திய வணிகம். 1916-ல் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். இரண்டும் இந்தியாவைப் பற்றியவை.

இன்று இந்திய அரசு, பட்டியல் சாதியினருக்கும் சீர்மரபினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டில் படிக்கத் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை தருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். 2022-ல் அதன் விதிகளில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. அவற்றை இந்தியாவிலேயே படிக்கலாம் என்பது அரசுத் தரப்பு சொன்ன காரணம். அந்த விதி 1913-ல் இருந்திருந்தால், அம்பேத்கரின் இரண்டு ஆய்வுப் பொருள்களும் தகுதி இழந்திருக்கும். தன் ஊரின் நிலவுரிமை வரலாற்றையோ பஞ்சமி நிலத்தையோ ஆராய விரும்பும் தலித் மாணவருக்கு இன்று அந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. இந்த விதியைத் திரும்பப் பெற வேண்டும். இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

விதிக்குள் அடங்கிய பொருளை எடுத்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஒப்புதல் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று சொன்னார்கள். பல்கலைக்கழகம் இடம் கொடுத்து, அரசு தேர்வு செய்து, அதற்குப் பிறகும் காத்திருப்பு.

பிரிட்டன் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. அங்கே இடம் முதலில் வரும், பணம் பிறகு வரும், வராமலும் போகும். ஆக்ஸ்ஃபோர்டில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு, உதவித்தொகை இல்லாததால் போக முடியாமல் நின்ற குடும்பங்களின் வலி கொடியது. அமெரிக்காவிலும் ஒரு வழி இருக்கிறது. பிஎச்.டி.க்கு மறுத்த கையோடு, பணம் கட்டிப் படிக்கும் ஓராண்டு எம்.ஏ.வுக்கு வாருங்கள் என்று சில பல்கலைக்கழகங்கள் எழுதும். வீட்டை அடமானம் வைத்து அதற்குப் போக வேண்டாம். வரலாற்றுப் படிப்புக்குக் கடன் வாங்குவது, திருப்பிக் கட்டும் வேலை கையில் இல்லாதவருக்கு ஆபத்து. முழு நிதி இல்லாத இடத்தை மறுப்பதில் எந்த அவமானமும் இல்லை.

சரி, இங்கேயே படிக்கலாமே என்றால், இங்கும் வரிசைதான். ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், கௌரவமான தொகை. 2024 ஜூனிலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணே போதும் என்று அறிவித்தார்கள். அந்த முதல் தேர்வை ஜூன் 18-ல் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். மறுநாளே ரத்து. ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடியும் எழுத வைத்தார்கள். ஒரு பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பிஎச்.டி. மாணவர்களை மட்டுமே வைத்திருக்கலாம் என்ற யு.ஜி.சி.யின் விதி, ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் துறைகளில் சேர்க்கையையே நிறுத்தும் அளவுக்குப் போகிறது. அமெரிக்கா போக நினைப்பவரைக் குறை சொல்லும் முன் இதையும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 15

ஜனவரி கடைசியில் முதல் பதில்கள் வரத் தொடங்கும். சில துறைகள் ஜூமில் நேர்காணல் வைக்கும். பிப்ரவரி நடுவில் இன்னாருக்கு இன்ன பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்ற செய்தி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும். தனக்கு வரவில்லையென்றால் மறுப்பு என்றுதான் அர்த்தம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். எப்போதும் சரியாக இருப்பதில்லை, காரணம் ஏப்ரல் 15.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து கையெழுத்திட்ட தீர்மானம் ஒன்று உண்டு. நிதியோடு கூடிய இடத்தை ஏற்பதா வேண்டாமா என்று ஏப்ரல் 15-க்கு முன் முடிவெடுக்கச் சொல்லி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஆகவே நான்கு இடம் கிடைத்தவர் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தேதி வரை யோசிக்கலாம். அவர் மூன்றை விடும்போதுதான் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அழைப்பு வரும். மார்ச் முழுக்க எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்து, ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு மின்னஞ்சல் வருவது இதனால்தான். இடம் கிடைத்தவர்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. போகப்போவதில்லை என்று முடிவான இடத்தை அன்றே எழுதி விட்டுக்கொடுங்கள். நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு வாரமும் இன்னொருவருடைய தூக்கத்திலிருந்து போகிறது.

அதற்குப் பிறகு விசா. 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிய தேதி தருவதை அமெரிக்கா நிறுத்தியது. ஜூன் 18-ல் மீண்டும் தொடங்கியபோது சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்கச் சொன்னது. ஆகஸ்டில் மாணவர் விசாவை நான்கு ஆண்டுகளுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் யோசனையையும் முன்வைத்தார்கள். ஏழு ஆண்டு எடுக்கும் வரலாற்று ஆய்வில் நான்காம் ஆண்டு என்பது மாணவர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருக்கும் காலம். நடுவில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்து மறுபடியும் காத்திருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய சுமை என்பதை அந்த யோசனையை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது? பேராசிரியர்கள் சொல்லும் ஒரே உபயோகமான பதில், கட்டுரை மாதிரியைத் தொடர்ந்து வளர்ப்பது. எழும்பூரில் அடுத்த கட்டை எடுத்துப் படிக்கலாம். மறுப்பு வந்தாலும் அந்தப் படிப்பு அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் நிற்கும். முதல் ஆண்டில் எல்லா இடத்திலும் மறுக்கப்பட்டு, இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் இந்தத் துறையில் அபூர்வம் அல்ல. வீட்டில் இருப்பவர்கள் தினமும் “பதில் வந்துச்சா?” என்று கேட்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. வந்தால் அவர்களே சொல்வார்கள்.

இனி இரண்டு வேண்டுகோள்கள். அமெரிக்க வரலாற்றுத் துறைகளுக்கு முதலாவது. இந்த ஆண்டு எந்தெந்தப் பிரிவுக்கு இடம் உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கட்டணம் வாங்கும் முன், செப்டம்பரிலேயே, அறிவியுங்கள். அவர்கள் காதுக்கு இது எட்டுமோ என்னவோ, அங்கே பணியாற்றும் நம்மவர்கள் துறைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.

இரண்டாவது, தமிழ்நாட்டின் வரலாற்றுப் பேராசிரியர்களுக்கு. உங்கள் எம்.ஏ. வகுப்பில் இந்தக் கனவோடு ஒரு மாணவி இருந்தால், கடிதத்தை அவளை எழுதச் சொல்லாதீர்கள். நீங்களே எழுதுங்கள். 65 மதிப்பெண் நம் ஊரில் எதைக் குறிக்கும் என்று அதில் ஒரு வரி சேருங்கள். செப்டம்பரில் தொடங்கி, நவம்பர் கடைசிக்குள் ஏற்றிவிடுங்கள்.